ஒரு பல் போச்சா? இம்ப்ளான்ட், பிரிட்ஜ், செட் பல்... எதைத் தேர்ந்தெடுப்பது?

காட்டுப்பாக்கத்தில் இறங்கி மவுன்ட் - பூந்தமல்லி சாலையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். பிரியாணிக் கடை, மொபைல் கடைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது பல் கிளினிக் போர்டுகள்தான். ‘இம்ப்ளான்ட்’, ‘ஃபிக்ஸட் பல்’, ‘ஒரே நாளில் பல்’, ‘இ.எம்.ஐ வசதி உண்டு’ என்று ஒவ்வொரு போர்டும் ஒவ்வொன்றைச் சொல்லும்.

பல் போவதற்கு வயசாகணும்னு அவசியமே இல்லை. பைக்கில் இருந்து விழுந்து முன் பல் போகலாம். கிரிக்கெட் பால் பட்டுப் போகலாம். ரூட் கெனால் பண்ணிட்டு, ‘கேப் அடுத்த மாசம் போட்டுக்கலாம்’னு தள்ளிப்போட்ட கடைவாய்ப் பல், முறுக்கு கடிக்கும்போது ரெண்டாகப் பிளந்து போகலாம். 20 ப்ளஸ்ல இதெல்லாம் நடக்கிற கதைதான்.

அதுக்கப்புறம் கிளினிக்ல உட்கார்ந்து எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, “டாக்டர், இதுல எது பெஸ்ட்டு?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் எல்லோருக்கும் பொதுவான பெஸ்ட் என்று ஒன்று கிடையாது. இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் எல்லாமே நம்மிடம் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் பல்லைக் கொடுக்கும். ஒன்று பக்கத்துப் பல்லைக் கேட்கும். இன்னொன்று மாதக்கணக்கில் நேரத்தைக் கேட்கும். மற்றொன்று தினசரி சௌகரியத்தைக் கேட்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது பல் போன இடத்தை அல்ல, அதுக்கு ரெண்டு பக்கமும் நிற்கிற பற்களை. அவை ஆரோக்கியமாக இருக்கின்றனவா, ஏற்கெனவே அடிபட்டவையா என்பதை வைத்துத்தான் பாதி முடிவு வரும்.

அப்படியே விட்டுட்டா என்ன ஆகும்?

‘உள்ளே இருக்கிற பல்தானே, யார் பார்க்கப்போறா?’ என்று விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். வலியும் இருக்காது என்பதால் வருஷங்கள் ஓடிவிடும். ஆனால் வாய்க்குள் சத்தமில்லாமல் மூன்று விஷயங்கள் நடக்கலாம்.

முதலாவது, பக்கத்துப் பல் காலி இடத்தை நோக்கி மெதுவாகச் சாயும். பஸ்ஸில் நடுவில் ஒருவர் எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்வது போலத்தான். இரண்டாவது, எதிர்த் தாடையில் இருக்கும் பல், கடிக்க ஜோடி இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு இறங்கும் அல்லது மேலெழும். மூன்றாவது, பல்லின் வேரைத் தாங்கிக்கொண்டிருந்த தாடை எலும்பு கரைய ஆரம்பிக்கும். பல் எடுத்த முதல் 12 மாதங்களில் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம் என்றும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

இதனால்தான் ‘போனஸ் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது பல நேரம் செலவைக் கூட்டிவிடுகிறது. மூன்று வருஷம் கழித்துப் போனால், பல் வைப்பதற்கு முன்னால் எலும்பை வளர்க்கணும், சாய்ந்த பல்லை நிமிர்த்தணும் என்று கூடுதல் வேலைகள் வந்து நிற்கும்.

அதே நேரத்தில், எல்லா இடைவெளியையும் கட்டாயம் அடைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஞானப்பல் எனப்படும் விஸ்டம் டூத்தை எடுத்தால் அதுக்கு மாற்றுப் பல் தேவையில்லை. வரிசையின் கடைசிக் கடைவாய்ப் பல் போய், மற்ற பற்களால் நன்றாக மெல்ல முடிகிறது, எதிர்ப் பல்லும் இறங்கவில்லை என்றால், ‘இப்போதைக்கு எதுவும் வேண்டாம், வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்’ என்பதும் சரியான முடிவுதான். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு ஆப்ஷன். அதை மறந்துபோய் எடுக்காமல், பரிசோதித்த பிறகு எடுக்க வேண்டும்.

பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடியே பேசுங்க

பெரும்பாலானவர்கள் பல்லை எடுத்துவிட்டு, புண் ஆறி, ஆறு மாதம் கழித்துத்தான் ‘அடுத்து என்ன?’ என்று யோசிக்கிறார்கள். உண்மையில் அந்தப் பேச்சு, பல் எடுக்கும் நாளுக்கு முன்பே நடக்க வேண்டும்.

முதல் கேள்வி: “இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?” ரூட் கெனால் செய்து கேப் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும் என்றால், அதுதான் முதல் சாய்ஸ். எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பல்லும் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. வேர் நீளவாக்கில் பிளந்திருந்தால், அல்லது ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் ஆடிக்கொண்டிருந்தால் எடுப்பதைத் தவிர வழி இல்லாமல் போகலாம்.

இரண்டாவது கேள்வி: “எடுத்த பிறகு அங்கே என்ன வைக்கப் போகிறோம்?” இம்ப்ளான்ட்தான் திட்டம் என்றால், பல் எடுக்கும்போதே அந்தக் குழியில் எலும்புத் துகள் வைத்து மூடும் முறை உண்டு. எலும்பு கரைவதை அது முழுதாக நிறுத்தாது என்றாலும் குறைக்கும். சில பேருக்குப் பல் எடுத்த அன்றைக்கே இம்ப்ளான்ட் வைக்கவும் முடியும். இதெல்லாம் பல் எடுத்து ஆறு மாதம் ஆன பிறகு கேட்டால் கிடைக்காத வாய்ப்புகள்.

அடிபட்டுப் பல் முழுசா விழுந்துட்டா...

இது எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். விபத்திலோ விளையாட்டிலோ நிரந்தரப் பல் வேரோடு வெளியே வந்துவிட்டால், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரும்ப அதே இடத்தில் வைக்க முடியும்.

* பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது.
* மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, ஓடும் தண்ணீரிலோ சில விநாடிகள் மட்டும் அலசுங்கள். சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம்.
* முடிந்தால் அதே குழியில் மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றி எடுத்துப் போனால் வேர் காய்ந்துவிடும்.
* ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் இருக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.
* குழந்தைகளின் பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.
* தலையில் அடி, மயக்கம், வாந்தி இருந்தால் பல்லைவிட ஆஸ்பத்திரி எமர்ஜென்சிதான் முதலில்.

ஆப்ஷன் 1: கழற்றி மாட்டும் பல்

வீட்டில் தாத்தா, பாட்டி ராத்திரி டம்ளர் தண்ணீரில் போட்டு வைக்கும் செட் பல்லின் சின்ன வடிவம்தான் இது. ஒரு பல் மட்டும் போனாலும் செய்து கொடுப்பார்கள். அளவெடுத்து, ஈறு நிற பிளாஸ்டிக் தகட்டில் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களில் கம்பிக் கொக்கி மாட்டிக்கொள்ளும்படி செய்வது அக்ரிலிக் வகை. கம்பி தெரியாமல் வளையும் பொருளில் செய்வது ஃபிளெக்சிபிள் வகை. உலோகச் சட்டத்தில் மெல்லிசாக, உறுதியாகச் செய்வது காஸ்ட் பார்ஷியல்.

இதில் இருக்கும் பெரிய நல்ல விஷயம், பக்கத்துப் பற்களைப் பெரிதாக ராவ வேண்டியது இல்லை. ஆபரேஷன் இல்லை. சில ஆயிரங்களுக்குள் வேலை முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிட்டு வேறு வழிக்குப் போகலாம். பின்வாங்க முடிகிற முடிவு இது.

பதிலுக்கு இது எடுத்துக்கொள்வது சௌகரியத்தை. பேசும்போது முதலில் ‘ச’, ‘ஸ’ குழறும். சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும். ராத்திரி கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். மெல்லும் அழுத்தம் பெரும்பாலும் ஈறு மேல்தான் இறங்கும் என்பதால், சொந்தப் பல் அளவுக்குக் கடிக்க வராது. எலும்பு கரையக் கரைய லூஸாகும், சில வருஷங்களில் மாற்ற வேண்டியிருக்கும். ஒற்றைப் பல் வைத்த மிகச் சின்ன தகடு என்றால் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் லூஸானதை ஃபெவிக்விக் போட்டு ஒட்டி மாட்டிக்கொள்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

நிரந்தரத் தீர்வாக இளைஞர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் தற்காலிகத் தீர்வாக இதை அடிச்சுக்க ஆள் இல்லை. அடுத்த மாதம் கல்யாணம், இன்டர்வியூ இருக்கிறது, இம்ப்ளான்ட்டுக்குப் பணம் சேர ஒரு வருஷம் ஆகும் என்றால், நடுவில் இதை மாட்டிக்கொள்ளலாம். பக்கத்துப் பல் சாய்வதையும் இது ஓரளவு தடுக்கும்.

ஆப்ஷன் 2: பிரிட்ஜ்

நம் ஊரில் ‘பல் கட்டுறது’, ‘ஃபிக்ஸட் பல்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். போன பல்லுக்கு ரெண்டு பக்கமும் இருக்கும் பற்களைச் சுற்றிலும் ராவி, மூன்று கேப்கள் ஒன்றாக ஒட்டிய ஒரு துண்டைச் செய்து, சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். ஓரத்துக் கேப்கள் ரெண்டும் சொந்தப் பல் மேல் உட்காரும். நடுவில் இருப்பது அந்தரத்தில் நிற்கும். பாலம் என்ற பெயர் அதனால்தான்.

எல்லாம் சரியாக இருந்தால் ரெண்டு மூன்று சிட்டிங்கில், ஓரிரு வாரத்தில் வேலை முடியும். கழற்றத் தேவையில்லை. கடிக்க, பேச ஒரு தொந்தரவும் இருக்காது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய மெட்டல் செராமிக், முழுக்க வெள்ளையாக இருக்கும் ஜிர்கோனியா என்று வகைகள் உண்டு. விலையும் அதற்கேற்ப மாறும். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கிளினிக்கில் சொல்லும் ரேட் பெரும்பாலும் ‘ஒரு யூனிட்’டுக்கு. ஒரு பல் போனதுக்கு மூன்று யூனிட் கணக்கு வரும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பிரிட்ஜ் எடுத்துக்கொள்வது பக்கத்துப் பற்களை. முழு கேப் போடுவதற்காக ஒரு பல்லை ராவும்போது, வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கும் மேல் போய்விடும். எனாமல் திரும்ப வளராது. ஒரு சொத்தைகூட இல்லாத ரெண்டு நல்ல பற்களை 24 வயதில் ராவிவிட்டால், வாழ்நாள் முழுக்க அந்த ரெண்டும் கேப்புக்குள்தான் இருக்கணும். பிரிட்ஜ் ஒருநாள் பழசாகும், மாற்ற வேண்டியிருக்கும். கேப்பின் ஓரத்தில் சொத்தை புகுந்தால், சில சமயம் ராவிய பல்லுக்கே ரூட் கெனால் தேவைப்படும். மோசமான சூழலில், ஒரு பல்லுக்காக ஆரம்பித்தது மூன்று பல்லில் போய் முடியும்.

அதுக்காக பிரிட்ஜ் தப்பான தேர்வு என்று அர்த்தம் இல்லை. பக்கத்துப் பற்கள் ரெண்டும் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங், ரூட் கெனால் ஆகி, எப்படியும் கேப் போட வேண்டியவை என்றால் கணக்கே மாறிவிடும். அப்போது எதுவும் புதிதாக இழக்காமல் ஒரே கல்லில் மூன்று மாங்காய். பல் மேல் நிற்கும் பிரிட்ஜ்களில் பத்து ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய 89 சதவிகிதம் வாயில் இருந்தன என்கிறது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு ஒன்று. நன்றாகச் செய்து, நன்றாகப் பராமரித்தால் நீண்டு உழைக்கும்.

போனது முன் பல் என்றால், அதிகம் ராவாமல் செய்கிற இன்னொரு வகையும் இருக்கிறது. பெயர் மேரிலாண்ட் பிரிட்ஜ். போலிப் பல்லின் பக்கத்தில் மெல்லிய இறக்கை மாதிரி ஒன்று இருக்கும். அதை பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒட்டிவிடுவார்கள். சில நேரம் கழன்று வரும், திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும். ஆனால் நல்ல பல் பத்திரமாக இருக்கும். 16, 17 வயதில் முன் பல் போனவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆப்ஷன் 3: இம்ப்ளான்ட்

இதன் கதை ஒரு முயலில் இருந்து தொடங்குகிறது. 1952-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனமார்க், எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காக முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒன்றாக ஒட்டி வளர்ந்திருந்தது. பிறவியிலேயே தாடைக் குறைபாட்டோடு இருந்த யோஸ்டா லார்சன் என்பவருக்கு 1965-ல் முதன்முதலாக டைட்டானிய இம்ப்ளான்ட் வைத்தார். 2006-ல் அவர் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கும் மேல் அவை உழைத்தன. இன்று காட்டுப்பாக்கம் போர்டில் இருக்கும் இம்ப்ளான்ட் அந்த வழியில் வந்ததுதான்.

இம்ப்ளான்ட்டில் மூன்று பாகங்கள் உண்டு. தாடை எலும்புக்குள் போகும் டைட்டானிய ஸ்க்ரூ, அதன் மேல் பொருத்தும் அபட்மென்ட் என்கிற இணைப்பு, அதுக்கும் மேலே பல் வடிவில் கேப். மரத்துப்போகும் ஊசி போட்டு ஸ்க்ரூ வைப்பார்கள். பயப்படும் அளவுக்கு வலி இருக்காது, சில நாள் வீக்கம் இருக்கலாம். எலும்பு ஒட்டி வளர வழக்கமாக ரெண்டு முதல் ஆறு மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் கேப். ‘ஒரே நாளில் பல்’ என்பது பொய் இல்லை, ஆனால் எலும்பு உறுதியாக இருக்கும் சிலருக்குத்தான் அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும், போர்டைப் பார்த்து அல்ல.

இதன் பெரிய பலம், பக்கத்துப் பல்லைத் தொடுவதே இல்லை. தனியாக நிற்கும். அந்த இடத்து எலும்பையும் ஓரளவு காக்கும். ஒற்றைப் பல் இம்ப்ளான்ட்களில் பத்து ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய 95 சதவிகிதம் நிலைத்திருந்தன என்கின்றன தொகுப்பு ஆய்வுகள்.

பதிலுக்கு இது எடுத்துக்கொள்வது நேரம், பணம், ஒரு சின்ன ஆபரேஷன். செலவு ஐந்து இலக்கத்தில் போகும். மேல் கடைவாய்ப் பல் பகுதியில் எலும்பு குறைவாக இருந்தால், சைனஸ் தளத்தை உயர்த்தி எலும்பு வைக்கும் தனி சிகிச்சையும் சேர்ந்துகொள்ளலாம். இன்னொரு தவறான நம்பிக்கை, ‘இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, அதனால் கவலை இல்லை’ என்பது. சொத்தை வராது, உண்மை. ஆனால் சுத்தம் செய்யாவிட்டால் சுற்றியிருக்கும் ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, நல்ல ஸ்க்ரூவே ஆட ஆரம்பிக்கும்.

யாரெல்லாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்?

* வளர்ச்சி முடியாத டீன் ஏஜ்: தாடை வளரும்போது சொந்தப் பற்கள் கூடவே நகரும், இம்ப்ளான்ட் நகராது. சில வருஷத்தில் அந்தப் பல் மட்டும் உள்ளே தள்ளிக் குட்டையாகத் தெரியும்.
* சிகரெட் பிடிப்பவர்கள்: தோல்வியடையும் வாய்ப்பு அதிகம். நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.
* கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய்: சர்க்கரை இருந்தாலே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை. கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வைக்கலாம்.
* ஈறு நோய் உள்ளவர்கள்: முதலில் ஈறுக்குச் சிகிச்சை, அப்புறம்தான் இம்ப்ளான்ட்.
* எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள், தாடைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள்: மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* கர்ப்பிணிகள்: அவசரம் இல்லாத ஆபரேஷன் என்பதால் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்க கேஸ் இதுல எது?

26 வயது, கீழ்க் கடைவாய்ப் பல் போச்சு, பக்கத்துப் பற்கள் சூப்பர்: இம்ப்ளான்ட்தான் முதலில் யோசிக்க வேண்டியது. பணம் இப்போது இல்லை என்றால், நல்ல பற்களை அவசரப்பட்டு ராவுவதைவிட, கழற்றி மாட்டும் பல்லோடு சில மாதம் சமாளித்துச் சேமிப்பது நல்லது.

30 வயது, பக்கத்து ரெண்டு பல்லும் ரூட் கெனால் ஆனவை: பிரிட்ஜ் நல்ல தேர்வு. இம்ப்ளான்ட் போட்டாலும் அந்த ரெண்டு பல்லுக்கும் தனியாக கேப் செலவு இருக்கிறது.

17 வயது, விளையாட்டில் முன் பல் போச்சு: வளர்ச்சி முடியும் வரை மேரிலாண்ட் பிரிட்ஜ் அல்லது கழற்றி மாட்டும் பல். கிளிப் போடும் எண்ணம் இருந்தால் பல் சீரமைப்பு நிபுணரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலருக்குப் பற்களை நகர்த்தியே இடைவெளியை மூடிவிட முடியும்.

நைட் ஷிஃப்ட், அடிக்கடி ஊர் மாற்றம்: ஆரம்பித்த சிகிச்சையைப் பாதியில் விட்டால் எதுவுமே பெஸ்ட் கிடையாது. அடுத்த ஆறு மாதம் இதே ஊரில் இருப்பீர்களா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகலாம்?

இந்த விஷயத்தில் காட்டுப்பாக்கம் ஏரியாக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். சுற்றுவட்டாரத்திலேயே நான்கு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன: போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலப்பன்சாவடியில் சவீதா, மதுரவாயல் ஆலப்பாக்கத்தில் மீனாட்சி அம்மாள், முகப்பேர் பக்கம் கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை. கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர்கள், பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் பார்த்து ஓகே சொல்ல வேண்டும் என்பதால் சிட்டிங் அதிகம், காத்திருப்பும் அதிகம். காலேஜ் படிக்கிறீர்கள், வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க முடியும் என்றால் தாராளமாகப் போகலாம். பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல்லுக்கு அங்கே தேட வேண்டிய பிரிவின் பெயர் ப்ராஸ்தோடான்டிக்ஸ்.

அரசு மருத்துவமனை என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய இடம் அது. காலையிலேயே போய் ஓ.பி சீட்டு வாங்குவது நல்லது. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்த்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடித்தம் இருந்தால், கையில் இருந்து செலவு செய்வதற்கு முன் இ.எஸ்.ஐ-யில் என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். வேலை இடத்தில் அடிபட்டுப் பல் போயிருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

மெடிக்ளைமை நம்பி இறங்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் பல் சிகிச்சை கவர் ஆகாது; விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனால் மட்டும் கவர் ஆகலாம். பாலிசி பேப்பரில் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

கையெழுத்து போடும் முன் கேட்க வேண்டியவை

ஒரு இடத்தில் சொன்ன தொகையும் இன்னொரு இடத்தில் சொன்ன தொகையும் ரொம்ப வித்தியாசமாக இருந்தால், ரெண்டும் ஒரே விஷயத்துக்கான தொகையா என்று முதலில் பாருங்கள்.

* “இம்ப்ளான்ட்டுக்குச் சொன்ன ரேட்டில் ஸ்க்ரூ, அபட்மென்ட், கேப் மூன்றும் அடக்கமா? ஸ்கேன், எலும்பு வைப்பது தனியா?” விளம்பரத்தில் வரும் குறைந்த விலை பல நேரம் ஸ்க்ரூவுக்கு மட்டும்தான்.
* “எந்த கம்பெனி, எந்த மாடல்?” வைத்த பிறகு அதன் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை வாங்கி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் கேப் மாற்ற வேண்டிவந்தால், அந்த நம்பர் இருந்தால்தான் சரியான பாகம் கிடைக்கும்.
* “வாரன்டி எதுக்கு?” பல நேரம் அது கம்பெனி ஸ்க்ரூவுக்கு மட்டும் இருக்கும். டாக்டர் ஃபீஸும் கேப்பும் அதில் வராமல் இருக்கலாம்.
* “என் பக்கத்துப் பற்கள் எந்த நிலையில் இருக்கு? எக்ஸ்ரேல காட்டுங்க.” பிரிட்ஜ் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ராவ விடாதீர்கள்.
* “இதை யார் செய்யப்போறாங்க?” தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. இம்ப்ளான்ட் வைக்க வெளியில் இருந்து நிபுணர் வருவார் என்றால், பிரச்னை வந்தால் யாரைப் பார்ப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.
* “மூணு ஆப்ஷனையும் எழுதிக் கொடுங்க, வீட்டுல பேசிட்டு வர்றேன்.” பல் வலி அவசரம். வலி போன பிறகு, மாற்றுப் பல் அந்த அளவுக்கு அவசரம் இல்லை. ‘ஆஃபர் இன்னைக்கு மட்டும்’ என்றால் இன்னொரு டாக்டரிடமும் ஒரு கருத்து கேளுங்கள்.

வெச்சதுக்கு அப்புறம்?

பிரிட்ஜுக்கு அடியில் உணவுத் துணுக்கு போய்ச் சேரும். சாதாரண பிரஷ் அங்கே எட்டாது. சூப்பர் ஃப்ளாஸ் நூலோ, இடைவெளிக்கான குட்டி பிரஷ்ஷோ வாங்கி தினமும் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். இம்ப்ளான்ட்டுக்கும் அதேதான். கழற்றி மாட்டும் பல்லை பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். மென்மையான பிரஷ்ஷும் மைல்டான சோப்பும் போதும், வெந்நீர் வேண்டாம். எந்த வகையாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். சோடா மூடி திறப்பது, நல்லி எலும்பைக் கடித்து உடைப்பது எல்லாம் சொந்தப் பல்லுக்கே ஆகாது, கட்டின பல்லுக்குச் சொல்லவே வேண்டாம்.

கழற்றி மாட்டும் பல்லை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இம்ப்ளான்ட்டை அடுத்த வருஷம்கூட வைத்துக்கொள்ளலாம், எலும்பு குறைந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கும், அவ்வளவுதான். ராவிய பல்லை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால் அடுத்த முறை பல் டாக்டரின் சேரில் சாயும்போது ‘எது பெஸ்ட்டு?’ என்று ஆரம்பிக்காமல், ‘என் பக்கத்துப் பல் எப்படி இருக்கு?’ என்று ஆரம்பியுங்கள்.